மகளோட காதல் சரியில்லன்னு தெரிஞ்சா அப்பா என்ன செய்யலாம்

ஹட்டன் பக்கம் தோட்ட லயத்துல இருந்து கொழும்புக்கு வேலைக்குப் போன புள்ள, போன்ல பேசும்போது யாரோ பக்கத்துல நின்னு கேக்குற மாதிரியே பேசுதுன்னா, ஒடனே "வீட்டுக்கு வா"ன்னு கத்தாதீங்க. கத்தினா அடுத்த தடவ ஒங்ககிட்ட சொல்லாது, அவ்ளோதான்.

அம்மாகிட்ட போனக் குடுத்துட்டு ஒதுங்காம நீங்களே பேசுங்க. ஞாயித்துக்கெழமை பத்து நிமிஷம் போதும், கொழுந்து எப்படி, மழை எப்படின்னு ஆரம்பிச்சு, காதலிக்கிறவன் அதோட போன செக் பண்றானா, சம்பளத்த வாங்கிக்கிறானா, கூட்டாளிங்களோட பேச விடுறானான்னு மெதுவா கேளுங்க, பதில் வரலன்னா விட்டுருங்க, அடுத்த கெழமை பாக்கலாம். "ஒன் மேல தப்பு இல்ல புள்ள, எப்ப வந்தாலும் கதவு தொறந்திருக்கு", இத வாயத் தொறந்து சொல்லணும், மனசுலயே வச்சிருந்தா அதுக்கு எப்படித் தெரியும் (நம்ம ஆளுங்களுக்கு இதுதான் கஷ்டம், எங்கப்பாவும் அப்படித்தான்). அப்பா மதிச்சுப் பேசுற புள்ளைக்கு, ஒருத்தன் மட்டந்தட்டும்போது இது சரியில்லன்னு சீக்கிரம் ஒறைக்கும்.

அடிக்கிறான், மிரட்டுறான்னா பெண்கள் உதவி லைன் 1938க்கு எடுங்க. மனசு ஒடஞ்சிருந்தா மனநல உதவி லைன் 1926. சேர்ந்து வாழ்ந்திருந்தா, கல்யாணம் ஆகலன்னாலும் 2005ஆம் ஆண்டு வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்துல நீதவான் கோர்ட்ல பாதுகாப்புக் கட்டளை கேக்கலாம். நீங்களும் கூடப் போங்க, ஒரு நாள் பேர் (அன்னைக்குத் தோட்டச் சம்பளம்) போனாலும் பரவால்ல.