குச்சியும் நிழலும் போதும்: உங்கள் ஊரின் அட்சரேகையை நீங்களே அளக்கலாம்

போனில் மேப்பைத் திறந்து சென்னையைத் தொட்டால் 13.08 என்று ஓர் எண் வரும். அதுதான் அட்சரேகை. பூமத்திய ரேகை 0 டிகிரி, துருவங்கள் 90 டிகிரி. இடையில் உங்கள் ஊர் எங்கே என்பதை அந்த எண் சொல்கிறது. ஒரு டிகிரிக்குத் தரையில் சுமார் 111 கிலோமீட்டர். மொட்டை மாடியில் ஒருமுறை அளந்து பார்த்துவிட்டால் இதை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள். மார்ச் 20 அல்லது செப்டம்பர் 22, 23 வாக்கில் செய்யுங்கள். அப்போது சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே இருக்கும்.

2. குச்சியை நடுங்கள். தரைக்கு மேலே சரியாக 100 சென்டிமீட்டர் இருக்கட்டும். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள்.

3. நிழலைக் குறியுங்கள். இதில்தான் பொறுமை வேண்டும். கடிகாரத்தில் 12 அடித்ததும் உச்சிவேளை வந்துவிடாது. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. சென்னை அதற்கு மேற்கே. சூரியனின் ஓட்டமும் வருடம் முழுக்க ஒரே சீராக இருப்பதில்லை. அதனால் சென்னையில் உச்சி, மார்ச்சில் 12:16 வாக்கிலும் செப்டம்பரில் 12:02 வாக்கிலும் வரும். 11:45 மணிக்கே தொடங்கி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். நுனி மங்கலாகத்தான் தெரியும்; மங்கலின் நடுவில் குறியுங்கள். நிழல் குறுகிக்கொண்டே வந்து, அப்புறம் நீளத் தொடங்கும். ஆகக் குறுகிய நிழல்தான் நமக்கு வேண்டும். அது காட்டும் திசை சரியான வடக்கு.

4. கணக்கு. சென்னையில் நிழல் 23 சென்டிமீட்டர் வரும். 23-ஐ 100-ஆல் வகுத்து, கால்குலேட்டரில் டேன் இன்வர்ஸ் போடுங்கள்: 13 டிகிரி. கன்னியாகுமரியில் நிழல் 14, டெல்லியில் 54 அல்லது 55. அளவில் 1 சென்டிமீட்டர் தவறினாலே சென்னை ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும், கவனம்.

சரி, இந்தக் கோணத்தால் என்ன ஆகிறது? சூரியன் சாய்ந்தால் அதே வெயில் அதிகப் பரப்பில் பரவி வலுவிழக்கிறது. இதே நாளில் 60 டிகிரியில் இருக்கும் ஊருக்கு, பூமத்திய ரேகையில் விழும் உச்சி வெயிலில் பாதிதான் கிடைக்கும். வெப்பநிலை, பயிர், காற்று என்று புவியியலில் பலவும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. பகல் நேரமும் அப்படித்தான். சென்னையில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரமே வித்தியாசம். லண்டனில் எட்டு மணி நேரத்துக்கும் மேல். பூமத்திய ரேகைக்கு 5 டிகிரிக்குள் புயல்கள் அரிதாகவே உருவாவதற்கும் அட்சரேகைதான் காரணம்: காற்றைச் சுழலவைக்கும் பூமிச் சுழற்சியின் விளைவு அங்கே மிகக் குறைவு.

மார்ச் வரை காத்திருக்க முடியாதவர்கள் டிசம்பர் 21 அன்று அளக்கலாம். சென்னையில் நிழல் 74 சென்டிமீட்டர், கோணம் 36.5 டிகிரி. அன்று சூரியன் 23.4 டிகிரி தெற்கே இருப்பதால் அதைக் கழித்துவிடுங்கள், 13.1 வரும்.