கடைசிச் சொல்லை விழுங்காதீர்கள்

இளைஞர் நாடகக் குழுவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு இது. தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். மூச்சு தீர்ந்துபோவதும் அங்கேதான். ‘நான் உன்னோடு வரமாட்டேன்’ என்பதில் ‘மாட்டேன்’ அமுங்கிவிட்டால் கதையே மாறிவிடும்.

ஒத்திகையில் ஒரு நண்பரைக் கடைசி வரிசையில் உட்கார வையுங்கள். ஒவ்வொரு வசனத்தின் கடைசிச் சொல்லை மட்டும் அவர் திருப்பிச் சொல்லட்டும். அவர் தடுமாறிய வசனத்தில், அந்தச் சொல்லுக்குச் சற்று முன்னால் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். இனி மூச்சு எடுக்கும் இடம் அதுதான். கத்த மட்டும் வேண்டாம், தொண்டை கட்டிக்கொள்ளும்.

அப்புறம் இன்னொன்று: ஆட்கள் நிரம்பிய அரங்கம் ஒலியை உறிஞ்சும். ஒத்திகையின்போது காலி அரங்கில் தெளிவாகக் கேட்ட குரல் நாடகத்தன்றைக்குப் போதாது.