காலையில் தின்ற இட்லி மாலை வாந்தியில்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் பெரியப்பாவுக்கு சுகர் வந்து இருபது வருஷம். நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். அப்புறம் ஏப்பம், குமட்டல். ‘கேஸ்தான்’ என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் காலை எட்டு மணிக்குச் சாப்பிட்ட இட்லி, மாலை நாலு மணி வாந்தியில் துண்டு துண்டாக அப்படியே வந்தது. முதல் தவறு அந்த ‘கேஸ்தான்’. அது கேஸ் இல்லை, இரைப்பை மந்தமாகி உணவு உள்ளேயே தங்கிவிடும் ‘காஸ்ட்ரோபரேசிஸ்’.

இரைப்பையை அசைத்து உணவைக் குடலுக்குத் தள்ள வைப்பது வேகஸ் நரம்பு. கட்டுக்குள் வராத சர்க்கரை அதைப் பல வருஷமாக அரித்துவிடும். சுகர் இல்லாதவர்களுக்கும் இது வரும்: வயிற்று ஆபரேஷனில் நரம்பு அடிபட்டவர்கள், தைராய்டு குறைந்தவர்கள், பார்கின்சன் நோயாளிகள். காரணமே பிடிபடாதவர்களும் நிறைய.

நாங்கள் செய்த பெரிய தவறு, எல்லா மாத்திரையையும் டாக்டரிடம் காட்டாதது. கால் எரிச்சலுக்காகப் பெரியப்பா இரவில் போட்டுவந்த அமிட்ரிப்டிலினும் இரைப்பையை மந்தமாக்கும். டிரமடால் வலி மாத்திரையும், எடை குறைக்கப் போடும் செமாகுளுடைடு ஊசியும் அப்படித்தான். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பையோடு கொண்டுபோய் மேஜையில் கொட்டுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும், இரைப்பையை வேகமாக அசைக்கும் டோம்பெரிடோன் கலந்த கேப்ஸ்யூல் கொஞ்ச நாள் சுகமாக இருக்கும், காரணம் மறைந்தே கிடக்கும். இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்தும்கூட. முதலில் எண்டோஸ்கோபி செய்து புண்ணோ கட்டியோ வழியை அடைக்கவில்லை என்று பார்க்க வேண்டும். அடைப்பு இல்லையென்றால், லேசான கதிரியக்கப் பொருள் கலந்த உணவைக் கொடுத்து ஸ்கேன் எடுப்பார்கள். 4 மணி நேரம் கழித்தும் 10 சதவீதத்துக்கு மேல் இரைப்பையில் தங்கியிருந்தால் தாமதம் உறுதி. இந்த கேப்ஸ்யூலைப் போட்டுக்கொண்டே போனால் முடிவு தப்பாக வரலாம். எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்சுலின் போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஊசி வேலையை ஆரம்பித்துவிடும், சோறோ இரைப்பையிலேயே கிடக்கும். சாப்பிட்ட பிறகும் பெரியப்பாவுக்குக் கை நடுங்கி வியர்த்தது அதனால்தான். டோஸ் தப்பு என்று நாங்களே இரண்டு யூனிட் குறைத்தோம். ராத்திரி சர்க்கரை எகிறியது. ஊசி போடும் நேரத்தை டாக்டர்தான் மாற்ற வேண்டும்.

நார்ச்சத்து நல்லதுதானே என்று வாழைத்தண்டும் முருங்கைக்கீரையுமாகக் கொடுத்தோம். மந்தமான இரைப்பைக்கு அது பாரம், எண்ணெயில் பொரித்த மீனும் பாரம். இப்போது குழைந்த ரசம் சாதம், கஞ்சி என்று ஐந்தாறு வேளையாகப் பிரித்துச் சாப்பிடுகிறார், சாப்பிட்டதும் படுப்பதில்லை. பண்ருட்டி பலாப்பழத்தை மட்டும் கண்ணால் பார்ப்பதோடு சரி.