பனீருக்குப் பதில் ஷான் தோஃபு: கடலை மாவு போதும்

ஷான் தோஃபு என்பது மியான்மரின் ஷான் மக்கள் செய்யும், பனீர் போலத் துண்டு போடக்கூடிய கட்டி. ஒரு கப் கடலை மாவு, 3 கப் தண்ணீர், உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள். கட்டியில்லாமல் கரைத்துச் சிறுதீயில் கை விடாமல் கிளறுங்கள். முதலில் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும், அப்புறம் திடீரென்று கெட்டிப்படும். பச்சை வாசனை போய்ப் பளபளப்பு வந்ததும் எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி ஆறவிட்டால் துண்டு போடலாம்.

சோயா தோஃபுவுக்குச் சோயா பாலைத் திரிக்க ஏதாவது சேர்க்க வேண்டும். இதற்கு அது வேண்டாம். கடலை மாவின் மாவுச்சத்து சூட்டில் தண்ணீரைக் குடித்து, ஆறும்போது தானாக இறுகிவிடும். பால் பொருள் எதுவும் இல்லை, செலவும் குறைவு. மியான்மரின் யாங்கோன் நகரத்து ஏப்ரல் வெயிலுக்கு இதை அப்படியே மெல்லிசாக நறுக்கி, புளித்தண்ணீர், வெங்காயம், வறுத்த பூண்டெண்ணெய் சேர்த்துப் பிசறிச் சாப்பிடுவதுதான் சுகம். பொரித்தாலும் நன்றாக இருக்கும்.

கொதிக்கும் குழம்பில் மட்டும் போடாதீர்கள், கரைந்து குழம்பே கூழாகிவிடலாம். கடலை மாவுக்குப் பதில் சோடா கலந்த பஜ்ஜி மாவைப் போட்டாலும் சரிவராது. வெயில் நாளில் இரவு முழுக்க வெளியே வைத்தால் புளித்துப்போகும்.