குளிர்கால விடுமுறையில் விலங்குகளுக்கு உதவும்போது செய்யக் கூடாதவை

பனி கொட்டுகிற நாடுகளில் குளிர்கால விடுமுறை தொடங்கியதும் பிள்ளைகளின் கண் ஜன்னலுக்கு வெளியே போய்விடும். இலை உதிர்ந்த கிளையில் ஒரு குருவி உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். "பாவம், குளிருதே, ஏதாவது செய்யலாமா?" என்று கேட்பார்கள். காட்டுயிர்களைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆனால் இரக்கப்பட்டு அவசரமாகச் செய்கிற சில காரியங்கள் அந்த உயிரையே வாங்கிவிடுகின்றன. அதனால் உதவியில் இறங்கும் முன் பிள்ளைகளுக்கு ஒரு விஷயத்தைப் புரியவைத்துவிட வேண்டும்: குளிர்காலத்தில் விலங்குகளுக்கு எல்லாமே கொழுப்புக் கணக்குதான்.

வட அமெரிக்காவின் கருந்தொப்பிச் சிக்கடி என்ற சின்னப் பறவையைப் பாருங்கள். எடை 12 கிராம் அளவுதான் இருக்கும். பகலெல்லாம் தின்று சேர்த்த கொழுப்பை ஒரே ராத்திரியில் எரித்துத் தீர்த்துவிடும். அதுவும் போதாதென்று, உறங்கும்போது உடல் வெப்பத்தைப் பத்து டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குறைத்துக்கொண்டு சிக்கனம் பிடிக்கும். விடிந்ததும் இரை கிடைத்தாக வேண்டும். அந்த நேரத்தில் அதை நாலு முறை வீணாகப் பறக்கவிட்டால் நஷ்டம் அதற்குத்தான். போட்டோ எடுக்க இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

தூங்குவதை எழுப்புவது இன்னும் மோசம். நெடுந்துயிலில், அதாவது குளிர்காலம் கழியும்வரை நீளும் ஆழ்ந்த உறக்கத்தில், இருக்கும் முள்ளெலியின் இதயம், விழித்திருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 190 முறை துடித்தது, 20 முறைக்கு இறங்கிவிடுகிறது. தொட்டால் சில்லென்று இருப்பதால் செத்துவிட்டது என்று நினைத்துப் புதைப்பவர்களும், வீட்டுக்குள் கொண்டுவந்து சூடுகாட்டி எழுப்புகிறவர்களும் உண்டு. எழுவதற்கே அது சேமித்த கொழுப்பில் பெரிய பங்கைச் செலவழிக்க வேண்டியிருக்கும். எழுந்தபின் வெளியே பூச்சியும் இருக்காது, புழுவும் இருக்காது. வௌவால்களுக்கும் இதே கதைதான். 2006-இல் நியூயார்க் மாநிலத்துக் குகை ஒன்றில் முதலில் தெரியவந்த வெள்ளைமூக்கு நோய் அமெரிக்காவில் பல லட்சம் வௌவால்களைக் கொன்றுவிட்டது. அந்த நோயைத் தருகிற பூஞ்சை அவற்றை நடுக்குளிரில் திரும்பத் திரும்ப எழுப்பிவிடுகிறது, கொழுப்பு தீர்ந்து பட்டினியில் சாகின்றன. அதனால் குளிர்காலத்தில் வௌவால் குகைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகவே வேண்டாம்.

சரி, எழுப்பக் கூடாது என்றால் எப்போது தலையிடுவது? முள்ளெலி பகலில் திறந்த இடத்தில் தள்ளாடிக்கொண்டு திரிந்தால் அதற்கு உதவி தேவை. காட்டுயிர் மீட்பு மையத்தைக் கூப்பிட்டு அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். பால் மட்டும் வைக்காதீர்கள். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை அதற்குச் செரிக்காது, வயிற்றுப்போக்கு கண்டு நீர்ச்சத்து வற்றிப்போகும். வெறும் தண்ணீர் போதும்.

மான் விஷயத்தில் தவறு நடப்பது இரக்கம் அதிகமாகும்போதுதான். பனிக்காலத்தில் மான் குறைவாகத்தான் தின்னும். சுள்ளி, மொட்டு, பட்டை என்று கிடைப்பதைச் செரிக்கும் நுண்ணுயிர்கள்தான் அப்போது அதன் இரைப்பையில் இருக்கும். திடீரென்று ஒரு வாளி மக்காச்சோளத்தைக் கொட்டினால் அந்த மாவுச்சத்து வேகமாகப் புளித்து, வயிற்றில் அமிலம் ஏறி, ஓரிரண்டு நாளில் மான் செத்துவிடலாம். வயிறு நிறைய தீனியோடு செத்துக் கிடப்பதால் பார்ப்பவர்களுக்குக் காரணமும் விளங்காது. அப்புறம், ஒரே இடத்தில் தீனி போட்டால் கூட்டம் கூடும், எச்சில் வழியாக நோய் பரவும். 1967-இல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்ட நாள்பட்ட மெலிவு நோய் அப்படிப் பரவக்கூடியது. அதற்கு மருந்து கிடையாது. மானுக்கு உணவே வைக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

பறவைகளுக்கு வைக்கலாம், தாராளமாக வைக்கலாம். ஆனால் தீனித் தட்டைத் தொங்கவிட்டு, காலியானால் நிரப்பி, வசந்தம் வரும்வரை அதைக் கழுவாமலே விட்டுவிடுகிறார்களே, அதுதான் நான் பார்க்கிற தவறுகளில் மிகப் பெரியது. அந்தத் தட்டை ஒரு முறை கையில் எடுத்துப் பாருங்கள்: ஓரத்தில் எச்சம் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருக்கும், அடியில் நனைந்த விதைகள் கட்டியாகிக் கறுத்துப் பூசணம் பிடித்திருக்கும். பத்துப் பறவைகள் அதே தட்டுக்குள் தலையை விட்டு எடுக்கின்றன. அமெரிக்காவில் 1994 முதல் ஹவுஸ் ஃபிஞ்ச் பறவைகளிடம் பரவிய கண்நோய்க்குத் தீனித் தட்டுகள் பெரிய வழியாக இருந்தன. கண் வீங்கி மூடிப்போன பறவை எங்கும் போக முடியாமல் அந்தத் தட்டிலேயே உட்கார்ந்திருக்கும், அடுத்து வருவதற்கும் ஒட்டிவிடும். பிரிட்டனில் கிரீன்ஃபிஞ்ச் எண்ணிக்கை சரிந்ததும் இப்படி ஒரு தொற்றால்தான்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது தட்டைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, ஒன்பது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு ப்ளீச் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசி, முழுக்கக் காய்ந்தபின் மாட்ட வேண்டும். கீழே சிந்தியதையும் கூட்டி எடுக்க வேண்டும். ப்ளீச் வேலை பெரியவர்களுடையது. கூட்டுவதைப் பிள்ளைகள் கையுறை போட்டுச் செய்யலாம். நோயுற்ற பறவை ஒன்று கண்ணில் பட்டாலும் சில வாரம் தீனியை நிறுத்திவிடுங்கள், பறவைகள் கலைந்து போகும்.

என்ன வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். உப்புப் போட்ட கடலை கூடாது. இறைச்சி வறுத்த பாத்திரத்தில் மிஞ்சிய கொழுப்பையும் வைக்கக் கூடாது; அது இறகில் ஒட்டினால் குளிர் தாங்கும் தன்மை போய்விடும். கொழுப்பு உருண்டையை வலைப்பையோடு தொங்கவிட்டால் கால் சிக்கிக்கொள்ளும். வாத்துக்கு ரொட்டி போட்டால் வயிறுதான் நிறையும், சத்து கிடைக்காது.

தண்ணீர் உறையாமல் இருக்க உப்போ, கிளிசரினோ, காருக்கு ஊற்றும் ஆன்ட்டிஃப்ரீஸோ கலப்பது உயிருக்கே ஆபத்து. தினமும் காலையில் வெதுவெதுப்பான தண்ணீரை மாற்றி ஊற்றினால் போதும். குளத்தின் பனிக்கட்டியைச் சுத்தியலால் உடைக்கவும் வேண்டாம். அந்த அதிர்வு அடியில் இருக்கும் மீனையும் தவளையையும் தாக்கும். சுடுதண்ணீர்ப் பாத்திரத்தை அதன்மேல் வைத்தால் ஒரு ஓட்டை உருகிவிடும். தோட்டத்துச் சருகையும் காய்ந்த தண்டுகளையும் வசந்தம் வரை அப்படியே விடுங்கள், அதற்குள் பூச்சிகள் குளிர் கழிக்கின்றன. அலங்கார விளக்குச் சரங்களை மானின் கொம்பு மாட்டாத உயரத்தில் கட்டுங்கள்.

ஜன்னல் கண்ணாடியில் மோதி விழுந்த பறவையைக் கையில் வைத்துத் தடவிக்கொடுப்பதும் தண்ணீர் புகட்டுவதும் தவறு. காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக, அமைதியாக வைத்து ஒரு மணி நேரம் கழித்து வெளியே திறந்துவிடுங்கள். அப்போதும் பறக்காவிட்டால் மீட்பு மையத்துக்குத்தான் போக வேண்டும்.

தொட்டுப் பார்த்தால்தான் பிள்ளைகளுக்கு ஆர்வம் வரும் என்று குட்டிகளைத் தூக்கிப் போட்டோ எடுக்கவிடும் இடங்களுக்குக் கூட்டிப்போகிறார்கள். அங்கே பிள்ளைகள் கற்பது விலங்கு நம் விளையாட்டுப் பொருள் என்பதைத்தான். அதற்குப் பதிலாகப் பறவைகளை எண்ணச் சொல்லுங்கள். 1900-க்கு முன் வட அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் சமயம் அணி பிரிந்து பறவைகளையும் விலங்குகளையும் யார் அதிகம் சுடுகிறார்கள் என்று போட்டி வைக்கும் வழக்கம் இருந்தது. 1900-இல் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன், சுடாமல் எண்ணுவோம் என்றார். 27 பேர் 25 இடங்களில் எண்ணினார்கள். அந்தக் கணக்கெடுப்பு இன்றும் ஒவ்வொரு ஆண்டும் நடக்கிறது.

இதிலும் பிள்ளைகள் ஒரு தவறு செய்வார்கள்: பறவை வந்த நாளை மட்டும் எழுதுவார்கள். ஜன்னலோரம் அரை மணி நேரம் உட்கார்ந்தும் ஒன்றும் வரவில்லையா, தேதி, நேரம், வெப்பநிலையோடு பூஜ்யம் என்று எழுதச் சொல்லுங்கள். அந்தப் பூஜ்யங்களும் இருந்தால்தான் எந்தப் பறவை குறைகிறது என்று பின்னால் கண்டுபிடிக்க முடியும்.