கடல்நீர்த் தொட்டியில் ராட்சத மட்டியை அமர்த்துவது எப்படி?

பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டாரத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள், பவளம் தழைக்கத் தொடங்கியதும் அடுத்து ஆசைப்படுவது ராட்சத மட்டிக்குத்தான். ஆசை நியாயமானது. ஆனால் அவசரம் ஆகாது.

முதலில் ஆவணம். இந்த மட்டிகள், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் உள்ளவை; நம் கடலில் வாழும் இனங்களுக்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலும் உண்டு. லட்சத்தீவிலிருந்தோ அந்தமானிலிருந்தோ எடுத்து வந்ததாகச் சொன்னால் தொடவே வேண்டாம். பண்ணையில் வளர்ந்தது என்பதற்கான சான்றும் இறக்குமதி அனுமதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள்; வாங்கும் முன் வனத்துறையிடமும் கேட்டுவிடுங்கள்.

அடுத்து தண்ணீர். தொட்டி ஆறு மாதமாவது ஓடியிருக்க வேண்டும். வெப்பம் 25 முதல் 27 டிகிரி, ஒப்படர்த்தி (உப்பின் அளவைக் காட்டும் எண்) 1.025, கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், காரத்தன்மை 8 முதல் 10 டி.கே.எச். (கார்பனேட் கடினத்தன்மையின் அலகு). பாலக்காட்டுப் பக்கம் இரண்டு தொல்லைகள் உண்டு. மார்ச், ஏப்ரல் வெயிலைச் சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் சமாளிப்பது கடினம். மார்கழி, தையில் கணவாய்க் காற்று தொட்டி நீரை உறிஞ்சிவிடும். ஆவியாவது நீர் மட்டுமே என்பதால் மிஞ்சும் தண்ணீரில் உப்பு ஏறும். குறைந்த அளவை அன்றன்றே ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புங்கள். இந்தப் பக்கத்துக் கிணற்று நீர் கடினமானது, ஆகாது.

தொடக்கக்காரர்களுக்கு நான் சொல்லும் மட்டி இனங்கள் டெராசா அல்லது ஸ்குவமோசா. நீல நிறத்தில் மயக்கும் குரோசியாவும் மேக்சிமாவும் கடும் ஒளி கேட்பவை, பிறகு பார்த்துக்கொள்ளலாம். கடையில் மட்டியின் மேல் கையை நீட்டி நிழல் விழச் செய்யுங்கள். ஓட்டுக்கு வெளியே விரிந்திருக்கும் சதை மடலைச் சட்டென்று சுருக்கினால் நலமாக இருக்கிறது. நீர் உறிஞ்சும் துளை அகலமாக வாய் பிளந்திருந்தால் வாங்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் விளக்கை மங்கலாக்கி, பையை மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். பிறகு ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரைச் சேருங்கள். மென்மையான பிரஷ்ஷால் ஓட்டைத் தேய்த்துவிட்டு, அரிசி மணி அளவிலான வெள்ளை நத்தைகள் ஒட்டியிருக்கின்றனவா என்று தேடுங்கள். அவை மட்டியின் சாற்றை உறிஞ்சும் ஒட்டுண்ணிகள். இரவில்தான் வெளியே வரும், ஆகவே முதல் சில வாரங்கள் டார்ச் அடித்தும் பாருங்கள்.

இனி, அமர்த்துவது. ஓட்டின் கீலுக்கு அருகே அடியில் ஒரு திறப்பு உண்டு. அங்கிருந்து வரும் பற்றிழைகளால்தான் மட்டி கல்லைப் பிடித்துக்கொள்கிறது. ஒட்டியிருக்கும் மட்டியைப் பிடித்து இழுத்தால் இழையோடு உள்ளுறுப்பும் கிழியும், பெரும்பாலும் பிழைக்காது. எடுத்தே ஆக வேண்டுமென்றால் கல்லை ஒட்டிக் கூர்மையான பிளேடால் இழையை மட்டும் அறுங்கள். பசை போட்டு ஒட்டுவதை நினைக்கவே கூடாது.

மணலில் ஒரு தட்டைக் கல்லைப் பாதி புதைத்து, திறப்பு அதன் மேல் படும்படி, மடல் மேல்நோக்கி இருக்க நிமிர்த்தி வையுங்கள். சாயாமலிருக்க இரு பக்கமும் சிறு கற்களை முட்டுக் கொடுங்கள். ஓடு திறந்து மூட இடம் இருக்கட்டும். அடிக்கல் இருந்தால் மணலில் திரியும் புழுக்கள் திறப்பை நெருங்காது; பின்னாளில் கல்லோடு சேர்த்தே நகர்த்தவும் முடியும். பம்பின் வீச்சு நேராகப் படக்கூடாது. மடல் மெல்ல அசைய வேண்டும், மடங்கக் கூடாது. கொட்டும் பவளங்களையும் கடற்சாமந்திகளையும் எட்டாத தூரத்தில் வையுங்கள்.

பிறகு கையை எடுத்துவிடுங்கள். ‘நாளுக்கு ஓர் இடம்’ என்று மாற்றிக்கொண்டே இருந்தால் மட்டி பற்றவே பற்றாது. சில நாள்களில் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு விளக்கின் ஒளியை இரண்டு, மூன்று வாரங்களில் படிப்படியாகக் கூட்டுங்கள். மடலுக்குள் குடியிருக்கும் பாசிகள் ஒளியால் செய்யும் உணவே மட்டியின் முக்கிய ஆகாரம். ஐந்து செண்டிமீட்டருக்குக் குறைந்த குட்டிகளுக்கு மட்டும் நுண்பாசி உணவும் கொடுங்கள்.

மடல் ஓட்டைத் தாண்டி விரியாமல் நாள் கணக்கில் சுருங்கியே இருந்தால் முதலில் மீன்களைக் கவனியுங்கள். குள்ள ஏஞ்சல் மீன்களும் பட்டாம்பூச்சி மீன்களும் மடலைக் கொத்தும் பழக்கமுள்ளவை; கொத்துவதைப் பார்த்தால் மீனை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள், மட்டியை அல்ல.