சிங்கப்பூரிலிருந்து முதல் குரூஸ்: கப்பலுக்கு முன் துறைமுகத்தைப் பாருங்கள்

சிங்கப்பூர் போகிற நம்மவர்கள் பலர் இப்போது அதோடு மூன்று, நான்கு இரவு குரூஸையும் சேர்த்துக்கொள்கிறார்கள். முகவர் அனுப்பும் விளம்பரத்தில் நீச்சல் குளம், நீர்ச்சறுக்கு, இரவு நிகழ்ச்சி எல்லாம் பளிச்சென்று இருக்கும். கப்பல் எந்தத் துறைமுகத்துக்கு எத்தனை மணிக்குப் போகிறது, எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்பது கீழே சின்ன எழுத்தில் ஒரு வரியாக இருக்கும். அந்த வரியைத்தான் முதலில் படிக்க வேண்டும். கப்பலுக்குள் கிடைப்பது எல்லாக் கப்பலிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பயணம் நன்றாக அமைவதும் அமையாததும் துறைமுகத்தில் கழிக்கும் அந்தச் சில மணி நேரத்தில் இருக்கிறது.

படி 1: கப்பல் எங்கே நிற்கும் என்று பாருங்கள்

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் குறுகிய பயணங்கள் பெரும்பாலும் மலேசியாவின் பினாங்கு, போர்ட் கிள்ளான், தாய்லாந்தின் புக்கெட் மூன்றில் ஒன்றையோ இரண்டையோ தொட்டுவிட்டுத் திரும்பும். மூன்றும் மூன்று விதம்.

பினாங்கில் கப்பல் ஊரை ஒட்டியே நிற்கும். வாசலைத் தாண்டினால் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன். போர்ட் கிள்ளான் என்ற பெயருக்குப் பக்கத்தில் விளம்பரங்கள் ‘கோலாலம்பூர்’ என்று போடும். ஆனால் குரூஸ் முனையம் இருப்பது புலாவ் இண்டா என்ற தீவில். அங்கிருந்து கோலாலம்பூர் போகக் காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். புக்கெட்டில் பல கப்பல்கள் பாத்தோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து டெண்டர் எனப்படும் சிறு படகில் ஏறித்தான் கரைக்குப் போக வேண்டும்.

நேரத்தையும் இப்படியே கணக்குப் போடுங்கள். அட்டவணையில் காலை 9 முதல் மாலை 5 வரை என்று இருந்தால் எட்டு மணி நேரம் ஊரில் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கப்பல் நின்றபின் இறங்க அனுமதி வர அரை மணி, ஒரு மணி ஆகும். கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். கையில் மிஞ்சுவது ஆறு மணி நேரம். டெண்டர் என்றால் அதிலும் ஒரு மணி நேரத்தைக் கழித்துவிடுங்கள்.

மாதத்தையும் பார்க்க வேண்டும். மலாக்கா நீரிணை பொதுவாக அமைதியான கடல், பெரிய ஆட்டம் இருக்காது. புக்கெட்டின் மேற்குக் கடற்கரை அப்படியில்லை. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அங்கே அலை எழும்பும். டெண்டர் ஓட்ட முடியாமல் கப்பல் அந்த ஊரையே விட்டுவிட்டுப் போவதும் உண்டு. புக்கெட்டுக்காகவே போகிறீர்கள் என்றால் டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம்.

படி 2: பெயரும் விசாவும்

நம் ஊர்க்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது பெயரில். ஆதாரில் ‘எஸ். கார்த்திகேயன்’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த ‘எஸ்’ அப்பா பெயராக விரிந்து குடும்பப் பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். சிலருக்கு அந்தக் கட்டமே காலி. குரூஸ் டிக்கெட், விமான டிக்கெட், விசா மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். முகவரிடம் பெயரை வாயால் சொல்லாதீர்கள், பாஸ்போர்ட் பக்கத்தின் படத்தை அனுப்புங்கள். பாஸ்போர்ட் பயணம் முடிந்தபின் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குச் சிங்கப்பூர் விசா கட்டாயம். கப்பல் ஏறும்போது சிங்கப்பூரை விட்டு வெளியேறி, திரும்பும்போது மறுபடி நுழைகிறீர்கள். அதனால் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். மலேசியாவும் தாய்லாந்தும் இந்தியர்களை விசா இல்லாமல் அனுமதித்து வருகின்றன. ஆனால் இது அவ்வப்போது நீட்டித்தும் மாற்றியும் அறிவிக்கப்படும் சலுகை. பணம் கட்டுவதற்கு முன் அந்தந்த நாட்டின் அரசு இணையதளத்தில் ஒருமுறை பாருங்கள். ‘நான் கப்பலை விட்டு இறங்கவே மாட்டேன்’ என்று சொன்னாலும், விசா இல்லையென்றால் ஏற்ற மறுக்கலாம்.

மூன்று நாடுகளுக்கும் இணையத்தில் நிரப்பும் வருகை அட்டை உண்டு. வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். கப்பலில் திரும்பி வரும்போதும் சிங்கப்பூருக்கு மறுபடி ஒன்று தேவை. மூன்றுமே இலவசம். கட்டணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை, வெளியே வந்துவிடுங்கள்.

கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் இருந்தால் முதலிலேயே கேளுங்கள். பல நிறுவனங்கள் 24 வாரம் எட்டிய கர்ப்பிணிகளையும் ஆறு மாதம் நிரம்பாத குழந்தைகளையும் ஏற்பதில்லை.

படி 3: டிக்கெட் விலைக்கு மேல் என்ன ஆகும்

சன்னல் இல்லாத உள் கேபின்தான் மலிவு. துறைமுகம் இருக்கும் நாட்களில் கேபினில் தூங்க மட்டும்தான் போவீர்கள், அதனால் முதல் பயணத்துக்கு அதுவே போதும். வாந்தி வரும் உடம்பென்றால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ் டெக்கில் கேளுங்கள். அங்கே ஆட்டம் குறைவு.

டிப்ஸ் பல கப்பல்களில் தானாகவே கணக்கில் ஏறும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 18 அமெரிக்க டாலர் என்று வைத்தால், நான்கு பேர் குடும்பத்துக்கு நான்கு இரவுக்கு 288 டாலர். துறைமுக வரி, வைஃபை, குளிர்பானம், தனி உணவகம் எல்லாம் இதற்கு மேல். ‘எல்லாம் சேர்த்து’ என்று முகவர் சொன்னால், இவற்றில் எவை சேர்த்தி என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சிங்கப்பூரிலிருந்து போகும் கப்பல்களில் இந்தியப் பயணிகள் நிறைய, சைவம் தாராளமாகக் கிடைக்கும். வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்கள் மட்டும் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும்.

படி 4: ஏறும் நாள்

ஒரு நாள் முன்னதாகவே சிங்கப்பூர் வந்துவிடுங்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

சிங்கப்பூரில் குரூஸ் முனையங்கள் இரண்டு: மரீனா பேயில் ஒன்று, ஹார்பர்ஃபிரண்டில் ஒன்று. டிக்கெட்டில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். லிட்டில் இந்தியாவில் தங்கினால் இரண்டுக்கும் எம்ஆர்டி ரயிலிலேயே போகலாம். ஹார்பர்ஃபிரண்டுக்கு ரயில் மாறவே வேண்டாம், ஊதா நிறத் தடத்தின் கடைசி நிறுத்தம். மரீனா பேக்கு அதே தடத்தில் ஒரு நிறுத்தம் தள்ளி டோபி காட்டில் இறங்கி, சிவப்புத் தடத்துக்கு மாறி, நான்காவது நிறுத்தமான மரீனா சவுத் பியரில் இறங்க வேண்டும். அதுவும் கடைசி நிறுத்தம்தான், தவறவிட வழியில்லை. பெரிய பெட்டிகளும் வயதானவர்களும் இருந்தால் டாக்சி எடுங்கள்.

முனையத்தில் பெரிய பெட்டியை வாங்கிக்கொள்வார்கள். அது கேபினுக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகலாம். பாஸ்போர்ட், மாத்திரை, பணம், ஒரு மாற்றுடை ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டி, மின்கெட்டில் கொண்டுபோகாதீர்கள், எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

ஏறியதும் பாதுகாப்புப் பயிற்சி. 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அதன் பின்னர்தான் கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ எல்லாப் பயணிகளுக்கும் பயிற்சி தர வேண்டும் என்ற விதி 2015 முதல் நடைமுறைக்கு வந்தது. நீங்கள் கூட வேண்டிய இடம் எது, கேபினிலிருந்து அங்கே எந்தப் படிக்கட்டில் போவது என்று குழந்தைகளையும் கூட்டிப்போய்ப் பாருங்கள்.

கரை மறைவதற்குள் போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். நடுக்கடலில் கப்பலின் செல்போன் சேவையைப் போன் தானாகப் பிடித்துக்கொண்டால் ரோமிங் கட்டணம் தாளாது. வைஃபையை மட்டும் தனியாக ஆன் செய்துகொள்ளலாம்.

படி 5: பினாங்கில் நடந்தே போங்கள்

ஒவ்வொரு துறைமுகத்துக்கும் கப்பலிலேயே சுற்றுலா விற்பார்கள். பினாங்கில் அது தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹம் பியர் துறையின் வாசலைத் தாண்டி வந்தால் எதிரே வெள்ளை மணிக்கூண்டு தெரியும். விக்டோரியா மகாராணியின் 60 ஆண்டு ஆட்சியைக் கொண்டாட, ஆண்டுக்கு ஓரடி என்று 60 அடி உயரத்தில் கட்டியது. அதை ஒட்டியே கார்ன்வாலிஸ் கோட்டை. இந்த மணிக்கூண்டுதான் உங்கள் அடையாளம். திரும்பும்போது இதைக் கேட்டு வந்தால் போதும்.

வாசலில் டாக்சிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். புன்னகையோடு மறுத்துவிட்டு, மணிக்கூண்டிலிருந்து பீச் ஸ்ட்ரீட்டில் நேராக நடங்கள். பழைய வங்கிக் கட்டடங்கள் வரிசையாக வரும். வலப்பக்கம் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் திரும்பினால் லிட்டில் இந்தியா. மொத்தம் பத்துப் பதினைந்து நிமிட நடை. புடவைக் கடை, பூமாலை, ஊதுவத்தி, ஒலிபெருக்கியில் தமிழ்ப் பாட்டு எல்லாம் ஒரே தெருவில். தயங்காமல் தமிழிலேயே வழி கேளுங்கள்.

குயின் ஸ்ட்ரீட்டில் 1833-இல் கட்டிய மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. கப்பல் மதியம் வருவதாக இருந்தால் முதலில் அங்கே ஓடாதீர்கள், நடை சாத்தியிருக்கலாம். மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலைப் பார்க்கலாம். அப்புறம் சுவரோவியங்களுக்குப் பெயர்போன ஆர்மீனியன் ஸ்ட்ரீட். அங்கிருந்து கடற்கரைப் பக்கம் நடந்தால் சீனர்கள் கடல்மேல் கால்நட்டுக் கட்டிய வீடுகள், சியூ ஜெட்டி. எல்லாமே நடக்கும் தூரம்தான். கால் வலித்தால் ஜார்ஜ் டவுனைச் சுற்றிவரும் ‘கேட்’ பேருந்து இருக்கிறது, இலவசம். வெயிலுக்குக் குடையும் தண்ணீரும் அவசியம்.

சாப்பிட, சோறும் பலவகைக் குழம்பும் தரும் நாசி கண்டார் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. கொஞ்சம் ரிங்கிட் நோட்டு வைத்திருங்கள், சின்னக் கடைகளில் கார்டு வாங்க மாட்டார்கள்.

பினாங்கு மலை, கெக் லோக் சி கோயில் இரண்டும் ஆயர் ஈத்தாம் பக்கம், ஊருக்கு வெளியே. கைவசம் ஆறு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் செயலியில் அழைக்கும் கிராப் வாடகைக் காரில் போய் ஒன்றை மட்டும் பாருங்கள். அரைநாளில் மலையையும் ஊரையும் சேர்த்தால் இரண்டும் அரைகுறையாகிவிடும்.

படி 6: புக்கெட்டில் கடிகாரத்தைக் கவனியுங்கள்

தாய்லாந்து நேரம் சிங்கப்பூர், மலேசிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் பின்னால். கரை இறங்கியதும் உங்கள் போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருக்கலாம். கடைசிப் படகு 5 மணிக்கு என்றால், போனில் 4 காட்டும்போதே அங்கே 5 ஆகியிருக்கும். இதற்காகவே ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். அன்று கப்பல் எந்த நாட்டு நேரத்தில் இயங்கும் என்பதை முந்தைய இரவு கேபினுக்கு வரும் நிகழ்ச்சித் தாளிலோ கப்பல் செயலியிலோ போட்டிருப்பார்கள். துறைமுக முகவரின் தொலைபேசி எண்ணும் அதில் இருக்கும், படம் பிடித்துக்கொள்ளுங்கள். கப்பலைத் தவறவிட்டால் முதலில் அழைக்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

டெண்டருக்கு டோக்கன் கொடுத்துக் குழுக்குழுவாக அனுப்புவார்கள். கப்பல் படியும் படகும் ஒன்றாக ஆடாது. படகு மேலெழும் கணத்தில் பணியாளர் கையைப் பிடித்து ‘இப்போது’ என்பார், அப்போது காலை வைக்க வேண்டும். முழங்கால் வலியுள்ள தாத்தா பாட்டிக்கு இது சிரமம். சக்கர நாற்காலியை ஏற்ற மறுக்கவும் செய்வார்கள். அவர்களுக்குக் கப்பலிலேயே ஒரு நிம்மதியான நாள் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் குறைவென்றால் இறங்கிய பாத்தோங்கிலேயே இருங்கள். கடலில் சிவப்புக் கொடி இருந்தால் குளிக்க இறங்காதீர்கள், நீரோட்டம் இழுத்துப் போய்விடும். துக்துக் ஏறுமுன் வாடகையைப் பேசி முடித்துவிடுங்கள். தீவின் மறுபுறமுள்ள பழைய புக்கெட் டவுன் மாதிரி தூரமான இடமென்றால் கப்பல் விற்கும் சுற்றுலாவையே எடுங்கள். அந்த வண்டி தாமதமானால் கப்பல் காத்திருக்கும், தனியாகப் போனவருக்காகக் காத்திருக்காது.

போர்ட் கிள்ளானுக்கும் இதே கணக்குதான். பத்துமலை முருகனைப் பார்க்கப் போக, வர, 272 படி ஏறி இறங்க என்று ஐந்து மணி நேரமாவது வேண்டும். நெடுஞ்சாலை நெரிசலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவு நேரம் இல்லையென்றால் கிள்ளான் நகரின் லிட்டில் இந்தியா பக்கம் போய், வாழை இலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு நிதானமாகத் திரும்பலாம்.

படி 7: கடைசி இரவு

பெரிய பெட்டிகளை இரவே கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள். காலையில் போடும் துணியை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பெட்டியை மூடுங்கள். சீக்கிரம் இறங்க வேண்டுமென்றால் பெட்டியைக் கொடுக்காமல் நீங்களே இழுத்துக்கொண்டு இறங்கலாம்.

கணக்கையும் அன்றிரவே செயலியில் பார்த்துவிடுங்கள். வாங்காத குளிர்பானம் ஏறியிருந்தால் இரவிலேயே சொல்வது எளிது, காலையில் அந்த மேசை முன் பெரிய வரிசை நிற்கும். கப்பல் காலை 7 மணிக்கு வந்தாலும், இறங்கிக் குடிநுழைவு முடித்துச் சாங்கி விமான நிலையம் சேர நேரமாகும். சென்னைக்கோ திருச்சிக்கோ விமானம் போடுவதாக இருந்தால் பகல் 1 மணிக்குப் பிறகு கிளம்புவதாகப் பார்த்துப் போடுங்கள்.